செம்மேட்டில் ஒரு பிரார்த்தனை: ஈஸா நபியின் பரிந்துரையும் நமது ஷஃபாஅத்தும்



காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சென்ற கோடையில் குடும்பத்தோடு அம்மலைக்குச் சென்றிருந்தோம். அம்மாவுக்கு வயிற்றில் இருந்த கட்டியை அகற்ற அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் குளிர்ந்த ஓரிடத்தில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். திரும்பும் நாளில் செம்மேட்டில், வல்வில் ஓரி சிலைக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறிய தேநீர்க் கடையில் அமர்ந்தோம். கடையை நடத்தும் பெண்மணி அம்மாவின் முகவாட்டத்தைப் பார்த்து விசாரித்தார். விவரம் தெரிந்ததும் அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு, "கவலைப்படாதீங்கம்மா. ராத்திரி ஜெபத்துல உங்களுக்காக வேண்டிக்கிறேன். இயேசப்பா பிதாகிட்ட உங்களுக்காகப் பரிஞ்சு பேசுவாரு" என்றார். அம்மா தயங்கவில்லை. "வேண்டிக்கம்மா, உன் மனசு நல்லா இருக்கணும்" என்று பதில் சொன்னார்.

வண்டி இறங்கத் தொடங்கியதும் பேச்சு எழுந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி மகன் கேட்டான்: "நன்னி, நீங்க ஏன் வேணாம்னு சொல்லல? அல்லாஹ்கிட்ட கேக்குறதுக்கு நடுவுல ஒருத்தர் எதுக்கு? அது தரகு மாதிரி இல்லையா?" அம்மா சொன்னார்: "அவ அன்பாச் சொன்னா. அதுக்கு என்ன பதில் சொல்லணும்னு, படிச்சவன் நீயே சொல்லு." வண்டி சமவெளியைத் தொடும்வரை எங்களில் எவரும் சரியான பதிலைச் சொல்லவில்லை. பின்னர் சில மாதங்கள் படித்தும் கேட்டும் எங்களுக்குத் தெளிவானதை இங்கு எழுதுகிறோம்.

முதலில் அந்தத் 'தரகு' என்ற சொல். சோளக்காட்டுச் சந்தையில் மிளகு மூட்டையோடு நிற்கும் விவசாயிக்கும் சமவெளி வியாபாரிக்கும் இடையில் தரகர் இருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பதே அவருடைய பிழைப்பு. கிறிஸ்தவர்கள் ஈஸா நபியை (அலை) இடையில் நிறுத்துகிறார்கள், நாம் நேரடியாகக் கேட்கிறோம் என்று நம் மேடைகளில் பேசும்போது இந்தத் தரகர் உருவமே நம் மனத்தில் நிற்கிறது. கேட்பதற்கு எடுப்பாக இருக்கும். ஆனால் அவர்கள் நம்புவது அதுதானா என்று நாம் அவர்களிடம் கேட்டதுண்டா? ஒருவருடைய நம்பிக்கையை மறுப்பதற்கு முன் அவர் ஏற்றுக்கொள்ளும் வடிவில் அதை எடுத்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் மறுப்பு நம் ஆட்களின் கைத்தட்டலை மட்டுமே பெறும்.

தமிழ் வேதாகமத்தில் இதற்குரிய சொல் 'மத்தியஸ்தர்'. கத்தோலிக்கர்களின் புதிய மொழிபெயர்ப்பு 'இணைப்பாளர்' என்கிறது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம், கடவுள் ஒருவரே, மத்தியஸ்தரும் ஒருவரே என்ற கருத்தை முன்வைக்கிறது. இதை விரிவாகப் பேசுவது எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபம். பண்டைய யூதர்களின் பைத்துல் மக்திஸ் ஆலயத்தில் மகா பரிசுத்த ஸ்தலம் என்ற உள்ளறை இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, பாவநிவாரண நாளில், தலைமை ஆசாரியர் மட்டும் பலியின் இரத்தத்தோடு அதற்குள் நுழைவார். முதலில் தம் பாவத்துக்காக, பிறகு மக்களின் பாவத்துக்காக. மறு ஆண்டும் அதே சடங்கு. கிறிஸ்து தம்மையே பலியாக்கி ஒரே முறை வானுலகின் சந்நிதிக்குள் நுழைந்துவிட்டார், ஆகவே இனிப் பலியும் தேவையில்லை, வேறு ஆசாரியரும் தேவையில்லை, அவர் என்றும் உயிரோடிருந்து மனிதருக்காக வேண்டுகிறார் என்பது அந்த நிருபத்தின் வாதம்.

அப்படியானால் கோபத்தோடு அமர்ந்திருக்கும் ஓர் அரசரிடம் அவர் மகன் கெஞ்சுகிறார் என்பதா பொருள்? அதையும் அவர்களின் அறிஞர்கள் மறுக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவில் வாழ்ந்த சீர்திருத்தவாதி கால்வின், கிறிஸ்து முழந்தாளிட்டுக் கைநீட்டி இரந்து நிற்பதாகக் கற்பனை செய்யக்கூடாது என்று தம் விரிவுரையில் எச்சரித்தார். நிறைவேறிவிட்ட பலியோடு அவர் அங்கே இருப்பதே பரிந்துரை என்பது அவர் விளக்கம். யோவான் நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: உங்களுக்காக நான் பிதாவைக் கேட்பேன் என்று சொல்லவில்லை, பிதாவே உங்களை நேசிக்கிறார் என்ற கருத்தில் ஈஸா (அலை) தம் சீடர்களிடம் பேசுவதாக அங்கே வருகிறது. நாங்கள் இதைப் படித்தபோது சற்று வியந்தோம். தரகர் இப்படிப் பேசமாட்டார்.

அவர்கள் கொள்கையின் கரு வேறிடத்தில் இருக்கிறது. கி.பி. 451இல் கால்சிடன் நகரில் கூடிய திருச்சபைப் பேரவை, கிறிஸ்து முழுமையான இறைவனும் முழுமையான மனிதரும் ஆவார் என்று அறிவித்தது. இரு பக்கத்துக்கும் உரியவர் என்பதால்தான் அவர் மத்தியஸ்தர். அவர்கள் பார்வையில் இடையில் மூன்றாம் ஆள் எவரும் வரவில்லை. இறைவனே இறங்கி வந்துவிட்டான். நாம் இதை ஏற்க மாட்டோம். அல்லாஹ் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை என்ற ஈமான் நம் குழந்தைகள் முதலில் மனனம் செய்யும் சூராக்களில் ஒன்றிலேயே உள்ளது. ஆனால் நம் மறுப்பு விழவேண்டிய இடம் இதுதான்.

இந்தக் கொள்கை கொல்லிமலைக்கு எப்படி ஏறியது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1913இல் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி எவ்லினும் செம்மேட்டை அடுத்த வாழவந்திப் பகுதியில் குடியேறினர். அன்று எழுபது வளைவுகளும் இல்லை, சாலையும் இல்லை. மலேரியாவுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் ஏறத் தயங்கிய மலை. அவர்கள் பாப்டிஸ்ட் பிரிவினர். புனிதர்களிடமோ குருமார்களிடமோ பரிந்துரை வேண்டுவதை அறவே ஏற்காதவர்கள். மலைக்கோயில் பூசாரி ஒருவர் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் பரவிய இன்ஃப்ளுயன்சா காய்ச்சல் மலைக்கும் வந்தது. அந்தப் பூசாரி நோயில் விழுந்தபோது மற்றவர்கள் நெருங்க அஞ்சினர். ஜெஸ்ஸி போய்ப் பார்த்தார், கஞ்சியும் மருந்தும் கொடுத்தார். பூசாரி பிழைக்கவில்லை. இறக்கும் முன் தம் பிள்ளைகளை அந்தத் தம்பதியரிடம் ஒப்படைத்தார் என்று பிராண்ட் குடும்பத்தின் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1929இல் ஜெஸ்ஸியும் மலைக்காய்ச்சலில் இறந்தார், 44 வயதில். எவ்லின் அம்மையார் முதுமையிலும் மலைகளை விட்டு இறங்கவில்லை. 1974இல் 95 வயதில் மறைந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய வேலூர் மருத்துவர் பால் பிராண்ட் இவர்களுடைய மகன்.

அந்தப் பூசாரி எபிரேயர் நிருபத்தைப் படித்து வாதம் செய்தவர் அல்லர். யாரும் வராத வாசலுக்கு ஒருவர் வந்தார். அவர் நம்புவதை இவர் அதன்பின் கேட்டார். மத்தியஸ்தம் என்ற கொள்கையை அந்த மலையில் அவர்கள் விளங்கிக்கொண்ட விதம் இது. செம்மேட்டுப் பெண்மணி அம்மாவின் கையைப் பற்றியதும் அதே வழக்கத்தில்தான். இங்கே நாம் நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: மலையேறி வந்து மிளகும் காப்பியும் வாங்கிச் சென்ற நம் வணிகர்கள் பலர். அந்தக் காய்ச்சலின்போது நம்மவர் எத்தனை பேர் ஏறினார்கள்?

கிறிஸ்தவர்கள் எல்லோரும் இதில் ஒரே கருத்தினர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். மத்தியஸ்தர் ஒருவரே என்றால் வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டுவது எதற்கு என்று புராட்டஸ்டண்டுகள் கத்தோலிக்கர்களைக் கேட்கிறார்கள். நாங்கள் வழிபடவில்லை, எங்களுக்காக வேண்டிக்கொள்ளுமாறு கேட்கிறோம், உயிரோடிருக்கும் நண்பரிடம் கேட்பதைப் போல என்பது இவர்கள் பதில். நாகூர் தர்காவைப் பற்றி நம் ஜமாஅத்துகளுக்குள் நடக்கும் வஸீலா விவாதத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது அப்படியே தெரிந்த குரல். 2025 நவம்பரில் வத்திக்கான் வெளியிட்ட கோட்பாட்டுக் குறிப்பு ஒன்று, மர்யம் (அலை) அவர்களை 'இணை மீட்பர்' என்று அழைப்பது பொருத்தமற்றது என்று கூறிவிட்டது. ஒரே மத்தியஸ்தர் என்ற கொள்கை மங்கிவிடும் என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

இனி, நமக்கும் அவர்களுக்கும் உண்மையில் பாதை பிரியும் இடம். நாங்கள் பார்த்தவரை அது இரண்டு கேள்விகளில் இருக்கிறது.

ஒன்று, மன்னிப்புக்கு விலை உண்டா? 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கான்டர்பரி பேராயர் அன்செல்ம் ஒரு நூலில் இப்படி வாதிட்டார்: பாவம் இறைவனின் கண்ணியத்துக்குச் செலுத்தாத கடன், அதை மனிதன்தான் செலுத்தவேண்டும், ஆனால் இறைவனால் மட்டுமே அவ்வளவு பெரிய தொகையைச் செலுத்த முடியும், ஆகவே இறைவனே மனிதனாக வரவேண்டியதாயிற்று. கணக்கு கச்சிதமானது. நம் திருமறை இந்தக் கணக்கேட்டையே திறப்பதில்லை. ஆதம் (அலை) தவறினார், வார்த்தைகளை இறைவனே கற்றுக்கொடுத்தான், அவர் வேண்டினார், அவன் மன்னித்தான். பலி இல்லை, கடன் இல்லை. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பதும் மறுமை நாளில் ஈடு எதுவும் பெறப்படாது என்பதும் திருமறை திரும்பத் திரும்பச் சொல்பவை. நூறு கொலை செய்த மனிதரின் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தவ்பா செய்து நல்லோர் வாழும் ஊரை நோக்கி நடந்தவர் வழியிலேயே இறந்துபோகிறார். அந்த ஊருக்கு ஒரு சாண் அருகில் இருந்தார் என்பதே அவருக்குப் போதுமானதாகிறது.

ஒரு கிறிஸ்தவ நண்பரிடம் இதைச் சொன்னபோது நாங்கள் லூக்கா நற்செய்தியில் வரும் ஊதாரி மகன் கதையையும் எடுத்தோம். அங்கேயும் தந்தை ஓடிவந்து மகனைத் தழுவுகிறாரே, விலை எதுவும் கேட்கவில்லையே என்றோம். அவர் சிரித்துவிட்டு, அந்தக் கதையைச் சொன்னவரே விலையைக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தார் என்பது எங்கள் நம்பிக்கை என்றார். பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் தரகரைப் பற்றிப் பேசியிருந்தால் உரையாடல் இந்த இடம்வரை வந்திருக்காது.

இரண்டாவது கேள்வி: பரிந்து பேசுபவர் உரிமையால் பேசுகிறாரா, அனுமதியால் பேசுகிறாரா? ஷஃபாஅத்தே கிடையாது என்று நம் இளைஞர் சிலர் வேகத்தில் சொல்லிவிடுகிறார்கள். அது சரியன்று. நாம் தினமும் ஓதும் ஆயத்துல் குர்ஸி, அவன் அனுமதியின்றி அவனிடம் பரிந்து பேச யாரால் முடியும் என்று கேட்கிறது. ஷஃபாஅத் அதில் மறுக்கப்படவில்லை, அனுமதியோடு கட்டப்பட்டிருக்கிறது. ஷஃபாஅத் முழுவதும் அல்லாஹ்வுக்கே உரியது என்று ஸுமர் அத்தியாயம் கூறுகிறது. மஹ்ஷர் மைதானத்தில் மக்கள் ஆதமிடமும், பின் நூஹ், இப்ராஹீம், மூஸா (அலைஹிமுஸ்ஸலாம்) ஆகியோரிடமும் ஓடும் ஹதீஸை நாம் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறோம். ஒவ்வொருவரும் தம் தவறை நினைத்து அஞ்சி அடுத்தவரிடம் அனுப்புகிறார்கள். ஈஸா (அலை) மட்டும் தவறு எதையும் குறிப்பிடுவதில்லை. அவரும் முஹம்மது (ஸல்) அவர்களிடம் அனுப்பிவைக்கிறார். நபியவர்கள் அர்ஷின் கீழ் ஸஜ்தாவில் விழுகிறார்கள். தலையை உயர்த்துமாறு அவர்களுக்குச் சொல்லப்பட்ட பிறகே கேட்கிறார்கள்; கேட்டபோதும் இத்தனை பேர் என்று ஓர் எல்லை வகுக்கப்படுகிறது. புகழுக்குரிய அந்த உயர்ந்த நிலையில் இருப்பவரும் அங்கே அடியார்தான்.

ஈஸா நபிக்குப் பரிந்துரையில் பங்கே இல்லையா? ஆலு இம்ரான் அத்தியாயம் அவரை இம்மையிலும் மறுமையிலும் கண்ணியமிக்கவர் என்கிறது. மறுமையின் அந்தக் கண்ணியம் ஷஃபாஅத் என்று ஸமக்ஷரீயும் பைளாவீயும் தம் தஃப்ஸீர்களில் எழுதியிருக்கிறார்கள். இதைக் கேட்டால் நம்மில் பலர் ஆச்சரியப்படுவார்கள். மாயிதா அத்தியாயத்தின் இறுதியிலோ அவர் பேசுவதையே கேட்கிறோம். என்னையும் என் தாயையும் கடவுளராக எடுத்துக்கொள்ளும்படி நீர்தாம் சொன்னீரா என்று அல்லாஹ் கேட்கிறான். நான் சொல்லவில்லை என்று பணிவோடு மறுத்தபின் தம் மக்களைப் பற்றி அவர் கூறுவது: நீ தண்டித்தால் அவர்கள் உன் அடியார்கள், மன்னித்தால் நீ மிகைத்தவன், ஞானமுள்ளவன் என்ற பொருளில் அமைந்தது. மன்னிப்பவன், கருணையாளன் என்று முடிக்காமல் மிகைத்தவன், ஞானமுள்ளவன் என்று முடித்ததில் அறிஞர்கள் ஒரு நுட்பத்தைக் கண்டார்கள். அவர் தீர்ப்பின் மீது கை வைக்கவில்லை. தம் மக்களைக் கைவிடவும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் ஓர் இரவு முழுவதும் இந்த ஒரே வசனத்தை ஓதியபடி விடியும்வரை தொழுகையில் நின்றார்கள் என்று அபூதர் (ரலி) அறிவிக்கிறார். மற்றோர் அறிவிப்பில் இதை ஓதிவிட்டுக் கைகளை உயர்த்தித் தம் உம்மத்துக்காக அழுதார்கள் என்று முஸ்லிமில் இருக்கிறது. நம் நபி தம் உம்மத்துக்காக அழ ஈஸா நபியின் சொற்களைக் கையில் எடுத்தார்கள். அந்தப் பெண்மணியிடம் சொல்வதற்கு நம்மிடம் இவ்வளவு இருந்தது. நாங்கள் தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்தோம்.

தரகு என்ற சொல் எங்கள் வீட்டுக்கும் ஒருநாள் திரும்பியது. அம்மாவுக்கு நோய் தெரிந்த புதிதில், ஓதிப் பார்ப்பவர் என்று சொல்லி உறவினர் ஒருவர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் தகட்டில் எதையோ எழுதி, தாம் சொன்னால்தான் துஆ ஏறும் என்ற தோரணையில் 5,000 ரூபாய் வாங்கிச் சென்றார். கொடுத்தது நாங்கள்தான். தவ்ஹீத் பேசும் தம்பி மகனும் அன்று அங்கே இருந்தான், ஏதும் சொல்லவில்லை. தங்களை அல்லாஹ்விடம் நெருக்கி வைப்பதற்காகவே மற்றவற்றை வணங்குகிறோம் என்று மக்கத்து முஷ்ரிக்குகள் சொன்ன சாக்கைத் திருமறை கண்டிக்கிறது. அதைப் பிறர்மேல் ஓதிக் காட்டுவது எளிது. பிடரி நரம்பைவிட அருகில் இருப்பவனிடம் பேசுவதற்கு, வீட்டுக்கு ஆள் வரவழைத்து ரசீதில்லாமல் பணம் கொடுத்த நமக்குத் தேநீர்க் கடைப் பெண்மணியைக் கேள்வி கேட்கும் தகுதி எவ்வளவு?

மற்றவருக்காக அல்லாஹ்விடம் கேட்பது நம் தீனின் உயிரோட்டமே. ஒரு முஸ்லிமின் ஜனாஸாவில் இணைவைக்காத நாற்பது பேர் நின்று தொழுதால் அவர்களின் பரிந்துரையை அல்லாஹ் ஏற்கிறான் என்று ஹதீஸ் சொல்கிறது. அர்ஷைச் சுமக்கும் மலக்குகள் ஈமான் கொண்டோருக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யஃகூப் நபியிடம் (அலை) பிள்ளைகள் தங்களுக்காகப் பாவமன்னிப்புக் கேட்கும்படி வேண்டினார்கள். வறட்சியின்போது உமர் (ரலி) நபியவர்களின் சிறிய தந்தை அப்பாஸை (ரலி) முன்னிறுத்தி மழை வேண்டினார்கள். இவர்களில் யாரும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பவர்கள் அல்லர். நம்மோடு அதே வாசலில் நின்று கேட்பவர்கள்.

பிற சமயத்தார் தம் முறையில் நமக்காகச் செய்யும் பிரார்த்தனைக்கு ஆமீன் சொல்லலாமா என்பதன் ஃபிக்ஹ் சட்டத்தை ஆலிம்களிடம் கேளுங்கள். அதில் நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எங்கள் கருத்து இவ்வளவே: தவ்ஹீதுக்கு மாறான சொற்களுக்கு நாம் ஆமீன் சொல்ல வேண்டியதில்லை, அன்பை உதறவும் வேண்டியதில்லை. அம்மா ஆமீன் சொல்லவுமில்லை, உதறவுமில்லை. படிக்காத அவர், படித்த எங்களைவிடச் சரியான இடத்தில் நின்றார் என்றே இப்போது தோன்றுகிறது.

அல்ஹம்துலில்லாஹ், அறுவை சிகிச்சை நலமாக முடிந்தது. வீடு திரும்பிய அன்று மஃக்ரிப் தொழுதபின் தம்பி மகன் அம்மாவின் அருகில் வந்து அமர்ந்தான். "அந்த மலைக்கார அம்மாவுக்கு நல்ல வழி கிடைக்கணும், நல்லா இருக்கணும்னு துஆ கேக்கலாம்னு இருக்கேன். அவங்க பேர் என்ன நன்னி?" என்றான். எங்களில் ஒருவரும் அவர் பெயரைக் கேட்டிருக்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "செம்மேட்டு டீக்கடைக்காரம்மான்னு சொல்லு. அல்லாஹ்வுக்குத் தெரியாதா" என்றார்.